மற்றும் குழுவினர்

கரண்டு போனது உண்மை. கீபோர்டுக்குப் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே செலினுக்கு அந்த வாக்கியம் வந்துவிட்டது. கூப்பிடாமலே வருகிற விருந்தாளி. இருபத்தாறு வருஷமாக விட்டபாடில்லை. கரண்டு போனது உண்மை, மூவாயிரம் பேர் சாட்சி, வேண்டுமானால் யாரையாவது கேட்டுப் பார்க்கலாம். யாரும் கேட்கவில்லை என்பதுதான் தொல்லை. பொன்மலை கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, வரிசையாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்களுக்கு முன்னால் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. மேடைக்குப் பின்னால் கட்டிய பேனரில் ரெஜி அண்ணன் மைக்கை விழுங்கப் போகிறவர் மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிகிறது. அந்தப் படத்தையே ஏன் போட வேண்டும், சிரிக்கிற படம் ஒன்று கூடவா கிடைக்கவில்லை. இறந்து இன்றைக்கு முப்பதாம் நாள். ஐம்பத்தொன்பது வயது. வீட்டு வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்தவர்தான். அன்றிலிருந்து அரியமங்கலம் தொடங்கித் திருவெறும்பூர் வரைக்கும் சுவரெல்லாம் அவர் முகம். ஒரே ஒரு கேசட்டு போட்ட மனுஷன், ஏழே பாட்டு, அதற்கு இத்தனை அழுகையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்துகொண்டு, பட்டறைக்காரன் பேசுகிற தமிழிலேயே, கிடாரும் டிரம்ஸும் அலற அலற ராக் பாட்டுப் பாடினவர் இந்த ஊரில் வேறு யார்? பேண்டுக்குப் பெயர் 'சங்கு'. பட்டறைச் சங்குதான் பொன்மலைக்குக் கடிகாரம் என்பதால் வைத்த பெயர். ஆரம்பிக்கும்போதே சங்கு ஊதிட்டீங்களேடா, வெளங்குமா இது என்று செலினின் அப்பா தலையில் அடித்துக்கொண்டார். விளங்கத்தான் செய்தது, நாலு வருஷம். அப்பா சொன்னது பலித்ததா, அவள் பலிக்க வைத்தாளா? கரண்டு போனது உண்மை.

கீபோர்டின் சின்னத் திரையில் சைபர் எரிந்துகொண்டிருந்தது. சைபர் என்றால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். திங்கள் முதல் வெள்ளி வரை கீபோர்டு கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளுக்கு அவள் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறாள். முதலில் திரையைப் பாருங்கள், சைபரா என்று பாருங்கள், பிறகு கை வையுங்கள். பக்கத்தில் இருக்கிற பட்டனை ஒருமுறை அமுக்கினால் சைபர் மைனஸ் ஒன்று ஆகும். விரல் வைக்கிற இடம் மாறாது, சத்தம் மட்டும் அரைக்கட்டை இறங்கிவிடும். பாடுகிறவருக்கு மேலே எட்டவில்லை என்றால் கூரையையே கொஞ்சம் தாழ்த்திவிடுகிற வேலை. கிடார் வாசித்த முபாரக் அண்ணன் அந்தக் காலத்தில் மேடையேறியதும் முதல் காரியமாக, "செலினு, நோட்டு குடு" என்பார். அவள் ஒரு தட்டுத் தட்டுவாள். அதைக் கேட்டுக் கம்பியை முறுக்குவார், அந்தச் சுருதியைப் பிடித்து ரெஜி அண்ணன் பாடுவார். ஆக மொத்தம் பேண்டே அவள் தட்டுகிற ஒற்றைச் சத்தத்தின் மேல்தான் நின்றது. இது ரெஜி அண்ணனுக்குத் தெரியும். அதனால்தான் அவளிடம் வந்தார். மாதா கோயிலில் பூசை முடிந்து அவள் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தாள். தூணோரமாக வந்து நின்று, "தொண்டையில கொப்புளம்னு சொல்லிட்டாரும்மா டாக்டரு. ஆறு மாசம் பாடக் கூடாதாம். ஆறு மாசம் பாடலன்னா ஊரு நம்மள மறந்துராது? நீ அரைக்கட்டை எறக்கிக் குடுத்துரு. ஒனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். வீட்ல எஸ்தருக்குக்கூட வேணாம், பயந்துருவா" என்றார். அவளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. ஊரே கொண்டாடுகிற ஆள் தன் ரகசியத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, ஆனால் அன்றைக்கு வீடு வரைக்கும் கால் தரையில் பாவவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மேடையிலும் மைனஸ் ஒன்று. "என்னா புள்ள, கம்பியெல்லாம் கொடிக்கயிறு மாதிரி தொங்குது" என்பார் முபாரக் அண்ணன். வெயிலுண்ணே என்பாள். மார்கழியிலும் வெயில் என்று சொல்லி நம்ப வைத்திருக்கிறாள். பொய் சொல்ல அப்போதே நன்றாக வந்திருக்கிறது.

முபாரக் அண்ணன் இன்னும் வரவில்லை. தஞ்சாவூர் பஸ்ஸில் வருகிறார், துவாக்குடி தாண்டிவிட்டாராம். அவர் வந்து கிடாருக்குச் சுருதி சேர்த்ததும் ரெஜி அண்ணனின் பாட்டு ஒன்றை அவரும் இவளும் வாசிக்க வேண்டும், கூட்டம் பாடும், ஏற்பாடு அவ்வளவுதான். டிரம்ஸ் அடித்தவர் கனடாவில் இருக்கிறார், போனில் அழுதார். ஏற்பாடு எல்லாம் கேசவன், பட்டறையில் ரெஜிக்குக் கீழே வேலை பார்த்தவர். அவர் ஒரு தட்டு நிறைய ரோஸ் மில்க் கப்புகளை ஏந்திக்கொண்டு மேடையோரம் வந்தார். கப்புகளில் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. அவருக்குப் பின்னாலேயே எஸ்தர் அக்கா வந்தாள். ரெஜியின் மனைவி, இந்த ஒரு மாதத்தில் பாதியாகிப் போனவள். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம். "எனக்கு வேணாம் கேசவா. நான் ஜில்லுன்னு எதையும் தொடுறதில்ல, தெரியுமில்ல ஒனக்கு" என்றாள். கேசவன் நாக்கைக் கடித்துக்கொண்டு தட்டைக் கீபோர்டுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அடுத்து என்ன வரும் என்று செலினுக்கு மனப்பாடம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் கொடுக்கப் போகும்போது கேட்டதுதான்.

"எல்லாம் அந்த ஒரு கிளாஸ் சர்பத்து செலினு" என்றாள் எஸ்தர். "வேண்டாம் எஸ்தருன்னுதான் சொன்னாரு. காலேஜ் கச்சேரிக்குப் போனப்ப வாசல்ல வண்டிக்காரன் ஐஸைத் தட்டிப் போட்டு நன்னாரி ஊத்திக் குடுக்கறான், அன்னைக்கு அப்படி ஒரு வெக்கை. நான்தான் ஒரு வாயி குடிங்கன்னு கட்டாயப்படுத்திக் குடுத்தேன். மேடையேறுற மனுசனுக்கு யாராச்சும் ஐஸைக் குடுப்பாங்களா? தொண்ட கட்டிருச்சு. அன்னையோட போச்சு பாட்டு."

"அதெல்லாம் இல்லக்கா."

"நீ இப்படித்தான் சொல்லுவ. அவரு ஒரு நாளும் சொல்லலியே, ஒன்னாலதான்டின்னும் சொல்லல, ஒன்னால இல்லடின்னும் சொல்லல. நான் அழுவுறப்பல்லாம் பாத்துக்கிட்டே இருப்பாரு. அதுலயே தெரிஞ்சிபோச்சு எனக்கு." காகிதத்தை விரித்துக் காட்டினாள். பென்சிலால் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. "இன்னைக்கு மைக்குல சொல்லிரப் போறேன். இத்தன பேரு அவரு பாட்டுக்கு ஏங்கிக் கெடந்திருக்காங்க. நான்தான் அதக் கெடுத்தேன், மன்னிச்சிருங்கன்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுரப் போறேன். கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." செலின் வாயைத் திறந்தாள். வந்தது, "வெயிலா இருக்குக்கா, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க" என்பதுதான். எஸ்தர் முதல் வரிசைக்குப் போய், ஃபேனுக்குக் கீழே, மடியில் காகிதத்தோடு உட்கார்ந்தாள்.

கரண்டு போனது உண்மை. அக்கா, கரண்டு போச்சுக்கா அன்னைக்கு, அதுதான் காரணம், சர்பத்து இல்லை. இதைச் சொல்லியிருக்கலாமே இத்தனை வருஷத்தில், இவ்வளவு சுலபமான வாக்கியத்தை. சொன்னால் எஸ்தர் அக்கா அடுத்து என்ன கேட்பாள்? கரண்டு போனா தொண்டைக்கு என்ன என்பாள். அப்போது மைனஸ் ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னால், கரண்டு வந்ததும் நீ மறுபடி பட்டனை அமுக்க வேண்டியதுதானே என்பாள். அங்கே வந்து நிற்கும். எந்தத் தெருவில் நுழைந்தாலும் அந்தச் சந்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. கரண்டு போய் வந்தால் கீபோர்டு பழைய கணக்கையெல்லாம் மறந்து சைபருக்குத் திரும்பிவிடும், அது அந்தப் பெட்டியின் குணம். பெட்டி மறந்தது. அவளும் மறந்துவிட்டாள். பதற்றத்தில் யாருக்கும் வருவதுதானே. இருபத்து நாலு வயது, மூவாயிரம் பையன்களும் பெண்களும் கத்துகிறார்கள், ஜெனரேட்டர் இருமுகிறது, விளக்கு அணைகிறது, எரிகிறது, முபாரக் அண்ணன் அவசரப்படுத்துகிறார், மறந்துவிட்டாள். மறந்துவிட்டாளா? கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்கால் போடும்போதெல்லாம் கோபப்பட்டேன், புறணி பேசினேன், பிள்ளையை அடித்தேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, இந்த இடத்தில் மட்டும் ஒரு இருமல் இருமிவிட்டு எழுந்துவிடுவாள். மறந்தது பாவமில்லையே, எதற்குச் சாமியாருக்குத் தொந்தரவு. அவரும் பாவம், வெளியே இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

கேசட்டு அந்த வாரம்தான் வந்திருந்தது. அதை நினைக்கவே கூடாது, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மலைக்கோட்டைக் கடையில் முதல் ஆளாகப் போய் நின்று வாங்கினாள். வாசலிலேயே பிளாஸ்டிக் உறையை உரித்து உள்ளே இருக்கிற காகிதத்தைப் பிரித்தாள். பாடியவர் ரெஜி. கிடார் முபாரக். டிரம்ஸ் இன்னார். இன்னொரு வரி, மற்றும் குழுவினர். முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தாள். அந்தக் குழுவினர் என்பது அவள் ஒருத்திதான். ஏழு பாட்டில் நாலு பாட்டின் மெட்டு அவள் வீட்டு ஆர்மோனியத்தில் பிறந்தது. 'சங்கு ஊதறதுக்குள்ள ஒரு பாட்டு பாடிக்கறேன்' என்று ஊரே பாடுகிறதே, அதில் சங்கு மாதிரியே கீழேயிருந்து இழுத்து இழுத்து மேலே ஏற்றுகிற இடம், அது அவளுடையது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது எட்டு மணிச் சங்கு ஊத, ஈரக் கையோடு ஓடிவந்து வாசித்துப் பார்த்தது. அப்பா கேட்டார், ஓம் பேரு எங்கம்மா. அச்சுக்காரன் விட்டுட்டான்ப்பா என்றாள். ரெஜி அண்ணனிடம் கேட்டபோது அவர் வெற்றிலை மென்றுகொண்டே, சிரித்துக்கொண்டே, "அடடா. அடுத்த கேசட்டுல பெருசா போட்டுரலாம் செலின்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை. சத்தியமாகக் கெட்ட மனுஷர் இல்லை. யார் வீட்டில் சாவென்றாலும் முதலில் போய் நிற்பவர், பட்டறையில் யாருக்குக் கையில் அடிபட்டாலும் தன் வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர். அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை, அவ்வளவுதான். அதுதான் எரிந்தது. அரைக்கட்டைக்கு மட்டும் செலின் வேண்டும், கேசட்டு அட்டையில் வேண்டாம். அடுத்த கேசட்டு வரவே இல்லை.

சரி, கரண்டு போனது உண்மை, கரண்டு வந்ததும் உண்மை. விளக்கு வந்தது. பெட்டி கண் விழித்தது. திரையில் சைபர். பார்த்தாள். இதோ இப்போது பார்க்கிற மாதிரியே பார்த்தாள், சிவப்பாக, சின்னதாக, ஒரு சைபர். மறந்தவளுக்கு அந்தச் சைபர் எப்படி இத்தனை வருஷம் ஞாபகத்தில் இருக்கும்? மாதா மன்னிக்க வேண்டும். விரல் பட்டனுக்குப் போனது, அதன் மேல் உட்கார்ந்தது, பட்டனின் நடுவில் இருக்கிற குழிவு கூட விரலுக்கு ஞாபகம் இருக்கிறது. மற்றும் குழுவினர் என்று மனசு சொன்னது. சத்தமாகக்கூட இல்லை. விரல் திரும்பி வந்தது. "நோட்டு குடு செலினு, சீக்கிரம்" என்றார் முபாரக் அண்ணன். கொடுத்தாள். அவர், "எல்லாக் கம்பியும் எறங்கிப்போச்சுடா சாமி" என்று புலம்பிக்கொண்டே முறுக்கினார். அப்போது, மைக்குக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்துக் கைகாட்டிக்கொண்டிருந்த ரெஜி அண்ணன் திரும்பினார். இந்த இடத்தைத்தான் அவள் எப்போதும் தாண்டிக் குதித்துவிடுவாள். இன்றைக்குக் கால் வரவில்லை. திரும்பினார். அவருக்குத் தெரியாதா, ஒரு தட்டு போதுமே அவர் காதுக்கு. அவளைப் பார்த்தார். கோபமாக இல்லை. கடையில் சில்லறை குறைந்தால் கடைக்காரரைப் பார்ப்போமே, தவறி இருக்கும், சொன்னால் கொடுத்துவிடுவார் என்று, அப்படி ஒரு பார்வை. ஒரு தலையசைப்புப் போதும், பட்டனை அமுக்கி இன்னொரு தட்டுத் தட்டியிருக்கலாம். அவள் குனிந்து காலடியில் ஒயரைச் சரி செய்தாள். ஒயரில் ஒன்றும் கோளாறு இல்லை. நிமிர்ந்தபோது அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

நாலு பாட்டு சமாளித்தார். ஐந்தாவது அந்தப் பாட்டு. அவள் கட்டிய மெட்டு, அவள் ஏற்றிவைத்த உயரம். கீழேயிருந்து இழுத்து இழுத்துக் கொண்டுபோய் உச்சியில் வைக்கிற இடத்தில் குரல் கிழிந்தது. உடையவில்லை, துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. மறுபடி எடுத்தார், காற்றுதான் வந்தது. பிறகு எங்கேயோ ஒருத்தன் வாயாலேயே ஊஊஊ என்று சங்கு ஊதினான். பக்கத்தில் இருந்தவன் ஊதினான். கொஞ்ச நேரத்தில் மூவாயிரம் பேரும் ஊதினார்கள், சிரித்துக்கொண்டே, கொண்டாட்டமாக. திங்கட்கிழமை காலையில் பட்டறையில் சங்கு ஊதியிருக்கும், அவர் வருகை அட்டையைக் குத்திவிட்டு உள்ளே போயிருப்பார். அதற்கப்புறம் ஓய்வு பெறுவதற்கு ஒரு மாதம் மிச்சமிருந்து இறந்துபோன நாள் வரைக்கும் ஒவ்வொரு வேலை நாளும் ஊதியது. ஒவ்வொரு ஊதலுக்கும் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? அவளுக்குக் கேட்டது. சங்கு சத்தம் கேட்காத வீடாகப் பார்த்து உறையூருக்குக் குடி போனாள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காக என்று சொல்லிக்கொண்டு. அன்றைக்கு மேடைக்குப் பின்னால் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு உட்கார்ந்திருந்தவர் அவளைக் கண்டதும் மெதுவாக, "கரண்டு போயி வந்துச்சில்ல, பொட்டி சைபருக்கு வந்திருச்சு போல. உட்டுத் தள்ளும்மா" என்றார். ஆமாண்ணே என்றாள். அந்தப் பொய்கூட அவளுடையது இல்லை, அவர் கொடுத்தது. வாங்கி வைத்துக்கொண்டாள், இருபத்தாறு வருஷம் அதைத் தின்றே உயிர் வாழ்ந்தாள். அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றவா, அரைக்கட்டை இறக்கிப் பாடினார் என்று ஊருக்குத் தெரியாமல் இருக்கவா? இரண்டுமாகத்தான் இருக்கும். எதுவாக இருந்தாலும் சர்பத்தின் பழி எஸ்தர் அக்கா தலையில் ஏறி உட்கார்ந்தது, அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார், இவளும் கேக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். இப்போது சொன்னால் அக்கா தலையிலிருந்து சர்பத்தின் பழி இறங்கும், புருஷன் மறைத்தது ஏறும். செத்தவரைப் பற்றி இதைச் சொல்ல வேண்டுமா? நல்லவள் வேஷத்தைப் பார், அவரைக் காப்பாற்றவாம்.

"மன்னிச்சிரு புள்ள, திருவெறும்பூர்ல நிறுத்திப்புட்டான்" என்று முபாரக் அண்ணன் மூச்சு வாங்க மேடையேறினார். தாடி முழுக்க நரை. கிடாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நாற்காலிகள் நிறைந்திருந்தன, ஓரங்களில் ஆட்கள் நின்றார்கள். எஸ்தர் முதல் வரிசையில் எழுந்து நின்று மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போன்லயே சுருதி சேக்கற கருவியெல்லாம் வந்திருச்சு. இருந்தாலும் ஓங்கிட்டக் கேட்டாத்தான் கேட்ட மாதிரி" என்றார் அவர். "நோட்டு குடு செலினு."

செலின் கையை எடுத்துவிட்டாள். "அக்கா, கொஞ்சம் இங்க வாங்க." எஸ்தர் காகிதத்தோடு மேடையேறி வந்தாள். செலின் ஒரு சத்தத்தைத் தட்டினாள். பட்டனை அமுக்கிவிட்டு, அதே இடத்தில் மறுபடி தட்டினாள். "வித்தியாசம் தெரியுதாக்கா? ரெண்டாவதுதான் அண்ணன் பாடுனது. தொண்டையில கொப்புளம் இருந்துச்சு, உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு. நான்தான் எறக்கிக் குடுப்பேன். அன்னைக்குக் கரண்டு போயி வந்தப்ப மேல ஏறிருச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நான் எறக்கல." குரல் நடுங்கவில்லை, அதுவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. "மறதியில்லக்கா. கேசட்டுல என் பேரு வரலன்னு கோவம். சர்பத்து இல்லக்கா. சர்பத்து இல்லவே இல்ல."

முபாரக் அண்ணனின் கை கம்பியின் மேல் அப்படியே நின்றது. எஸ்தர் கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளையே பார்த்தாள். "அவருக்குத் தெரியுமா?"

"திரும்பிப் பாத்தாருக்கா."

எஸ்தர் தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தாள், வாய் திறந்த அந்த முகத்தை. "இருவத்தாறு வருசம் வெந்நி வெச்சிக் குடுத்தேன் அந்த மனுசனுக்கு" என்றாள், யாருக்கோ சொல்வது போல. "வேணாம்னு ஒரு நாள் சொல்லல. ஊதி ஊதிக் குடிச்சாரு." கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்து, எட்டாக மடித்து, இடுப்பில் செருகினாள். ஸ்டூலில் இருந்த தட்டிலிருந்து ஒரு ரோஸ் மில்க்கை எடுத்தாள். செலினின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், நின்றபடியே, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பல் கூசியிருக்க வேண்டும், கண்ணில் நீர் கோத்தது. கப்பைத் தட்டில் கவிழ்த்துவிட்டு, "அவரோட நோட்டையே குடு" என்றாள்.

திரையில் மைனஸ் ஒன்று எரிந்தது. செலின் தட்டினாள். முபாரக் அண்ணன் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மைக்குக்கு முன்னால் போய் நின்ற எஸ்தர் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாரும் வந்ததுக்கு நன்றி. கிடாரு முபாரக் அண்ணன், ஒங்களுக்கே தெரியும்" என்றாள். பிறகு திரும்பிப் பார்த்தாள், ரெஜி அண்ணன் பார்த்த அதே இடத்திலிருந்து. "கீபோர்டு செலின். சங்கு பேண்டுல மொதல்லேருந்து வாசிச்சது இவங்கதான். யாரும் இந்தப் பேரச் சொன்னதில்ல, நான் சொல்றேன். செலின். ஞாபகம் வெச்சிக்கங்க." கூட்டம் ஒன்றும் அறியாமல் எழுந்து நின்று கைதட்டியது. குனிந்து சரி செய்ய ஒயர் எதுவும் இல்லை. செலின் நிமிர்ந்தபடியே உட்கார்ந்து கைதட்டல் முடிகிற வரைக்கும் அதைக் கேட்டாள். பிறகு பாட்டைத் தொடங்கினாள்.